டர்போ வண்டிக்கு வேறு கேம் ஷாஃப்ட் வேண்டுமா?

புணேயில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கொரு கடிதம் விடுத்திருந்தார். அவருடைய மூத்த மகன் பொறியியல் பயின்று அவ்வூரிலேயே பணிபுரிகிறார். வீட்டிற்கு உள்ளது ஒரே வண்டி. பழையதாக வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், தானியங்கிக் கியர். அதன் கேம் ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டு, அயல்நாட்டிலிருந்து தருவிக்கும் வேறு ஷாஃப்டுகளைப் பூட்டுவதற்கென மகன் ஓராண்டாகப் பணம் சேர்த்து வருகிறாராம். "தடுத்தால் அவன் முகம் வாடுகிறது, விட்டாலோ, பொங்கலுக்கு ஊர் போய்ச் சேருவோமா என்று அவன் தாயார் கேட்கிறாள். என்ன செய்வது?" என்பது தந்தையாரின் வினா. மகனும் கடிதத்தின் அடியில் நான்கு வரிகள் சேர்த்திருந்தார். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் வண்டிகளில் இவ்வாறு மாற்றியோர் நல்ல பயன் கண்டிருக்கின்றனர். நம் வண்டியில் மட்டும் ஏன் ஆகாது என்பது அவர் வாதம்.

இருவர் கேட்பதும் நியாயமே. ஆதலின் இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

எஞ்சினுக்குள் காற்று நுழைவதற்கும், எரிந்த புகை வெளியேறுவதற்கும் வால்வுகள் என்னும் கதவுகள் உண்டு. அவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றுங்கால் இது ஒருமுறை சுற்றும். இதன்மேல் முட்டை வடிவில் அமைந்த புடைப்புகள் உயர்ந்திருந்தால் கதவு அகலத் திறக்கும். பருத்திருந்தால் நெடுநேரம் திறந்திருக்கும். புகைக் கதவு முற்றிலும் மூடுவதற்கு முன்பே காற்றுக் கதவு திறக்கத் தொடங்குவதால், சிறிது பொழுது இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும். நம் வினாவின் முடிச்சு இந்தச் சிறு பொழுதில்தான் இருக்கிறது.

டர்போ இல்லாத எஞ்சினில், விரைந்தோடும் புகை தன் பின்னே ஓர் இழுவையை உண்டாக்கிப் புதுக்காற்றை உள்ளே அழைத்துக்கொள்ளும். பந்தய வண்டிகளில் அச்சிறு பொழுதை நீட்டிவைப்பது இதனாலேயே. மேல்சுழற்சியில் கிடைக்கும் இந்த ஆதாயத்துக்குக் கீழ்ச்சுழற்சியில் விலை கொடுத்தாக வேண்டும். நாமும் கொடுத்திருக்கிறோம். 1980களில் பம்பாயில் நம்மிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. இளமைத் துடிப்பில் அதன் கேம் ஷாஃப்டை வேறு வடிவாகச் சாணை பிடிக்கச் செய்து பூட்டினோம். நெடுஞ்சாலையில் வண்டி சீறிற்று, மறுப்பதற்கில்லை. மாட்டுங்காவிலோ சிவப்பு விளக்குத்தோறும் அணைந்து நின்றது. மூன்றாவது விளக்கில், பின்னிருக்கையில் இருந்த நம் மாமியார் ஒரு சொல்லும் கூறாது இறங்கிப் பஸ் ஏறிவிட்டார்.

டர்போ எஞ்சினில் நிலைமை வேறு. புகை அங்கே தாராளமாக ஓடிவிட முடியாது. டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டே வெளியேற வேண்டும். அதனால் புகைவழியில் அழுத்தம் தேங்குகிறது. டர்போ சிறியதாயின், மேல்சுழற்சியில் இவ்வழுத்தம் உள்ளே தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தையும் மிஞ்சிவிடும். அவ்வேளையில் இரு கதவுகளும் திறந்திருப்பின், வெளியேற வேண்டிய புகை சிலிண்டருக்குள் திரும்பிப் புகும். புதுக்காற்றின் இடத்தைச் சுடுபுகை பிடித்துக்கொள்ளும். எரிதலில் தட்டல் தோன்றும். எஞ்சினின் கணினி அஞ்சித் தீப்பொறியைத் தாமதிக்கும். பணம் கொடுத்து வாங்கிய ஆற்றல் அவ்வளவும் குறைந்துபோம். டர்போவுக்கென வடிக்கும் கேம் ஷாஃப்டுகளில் இந்த ஒருங்குதிறப்பைக் குறுக்கியே வைப்பது இக்காரணம் பற்றியே.

தம்பி சுட்டிய எவல்யூஷனை மறந்துவிட்டோமில்லை. அதன் 4ஜி63 எஞ்சின் 2 லிட்டர். அதற்கு வாய்த்த டர்போ பெரியது. ஒரு சிலிண்டரின் புகைத்துடிப்பு மற்றொன்றைக் கெடுக்காதபடி டர்பைனுக்குச் செல்லும் வழியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. புகைவழி அத்துணை தாராளமாயிருந்ததால், கேம் ஷாஃப்ட் மாற்றியவர்கள் பயன் கண்டனர். அவர்கள் கூறுவது பொய்யன்று. அவ்வண்டிக்கு அது மெய்.

இனி ஆக்டேவியாவுக்கு வருவோம். 2013இல் இந்தியாவுக்கு வந்த அத்தலைமுறை 1.8 எஞ்சினின் முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர். அது 1,250 சுழற்சியிலேயே கைவந்து 5,000 வரை நிலைக்கிறது. இவ்வளவு விரைவில் விழித்துக்கொள்ளும் டர்போ சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? மேலும், வால்வு திறக்கும் நேரத்தைச் சுழற்சிக்கேற்ப முன்பின் நகர்த்தும் அமைப்பு அதில் முன்னரே உண்டு. ஒருங்குதிறப்பு எங்கே நன்மை செய்யுமோ, எங்கே தீங்கு செய்யுமோ, அதனைக் கணினியே நொடிதோறும் தேர்ந்துகொள்கிறது. ஏழு கியர் கொண்ட அந்தத் தானியங்கிப் பெட்டியோ 250 நியூட்டன் மீட்டர் தாங்கவென வகுக்கப்பட்டது. ஆகவே டர்போவைப் பெரிதாக்காமல் கேம் ஷாஃப்டுக்குப் பயன் இல்லை; டர்போவைப் பெரிதாக்கினாலோ கியர்ப்பெட்டி தாங்காது. தம்பி சேர்த்த பணம் முதற்படிக்கே போதாது என்று அஞ்சுகிறோம்.

வேலையும் சிறிதன்று. டைமிங் செயினை அவிழ்க்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற நேரும். எரிபொருளை உயரழுத்தத்தில் தள்ளும் பம்பை இயக்குவதும் கேம் ஷாஃப்டின் புடைப்புகளே என்பதால் அதனையும் பார்க்க வேண்டும். பின் கணினியைப் புதிதாக ஒழுங்கு செய்ய வேண்டும். செயின் சில பல் தவறிப் பூட்டப்பட்டால் வால்வு பிஸ்டனில் மோதும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் வழக்காகும்.

தாயாரின் அச்சத்துக்கும் விடை கூற வேண்டுமல்லவா? புணேயிலிருந்து புறப்பட்டதும் கம்பாட்கி மலைப்பாதை. ஐவரும் மூட்டைகளுமாக ஏறும்போது வேண்டுவது கீழ்ச்சுழற்சி விசை. புதிய ஷாஃப்டுகள் முதலில் பறிப்பது அதனையே. அப்பால் கோலாப்பூர், பெளகாவி, ஹூப்ளி என நெடுவழியில் எஞ்சின் 2,000 சுழற்சியை ஒட்டியே ஓடும். 5,000க்கு மேல் கிடைக்கும் சிறப்பு அங்கே எதற்கு? தாவணகெரேக்கும் சித்ரதுர்காவுக்கும் இடையே ஏதேனும் நேர்ந்தால், எண்ணிலும் வடிவிலும் மாறுபட்ட ஷாஃப்டை அங்குள்ள மெக்கானிக் எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

எனினும் தந்தையார் தடை விதிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. மகன் உழைத்துச் சேர்த்த பணம். எஞ்சினை அறிய வேண்டுமென்னும் அவா நல்ல அவா. தம்பி முதலில் இரண்டு காரியம் செய்யட்டும். சிலிண்டருக்குள்ளேயே நேரே பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில், காற்று வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கரி படியும். பழைய வண்டியில் குறைந்த ஆற்றலுக்கு இதுவே காரணமாயிருக்கலாம். அதனைத் திறந்து பார்த்துத் துப்புரவு செய்விக்க வேண்டும். பிறகு டைனோ உருளைமேல் வண்டியை ஏற்றி, முறுக்கு விசையையும் டர்போ அழுத்தத்தையும் ஒரே தாளில் வரைந்து வாங்க வேண்டும். 5,000க்கு மேல் டர்போவின் அழுத்தமே சரிந்தால், மூச்சு வாங்குவது டர்போ. கேம் ஷாஃப்ட் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். அழுத்தம் நிலையாய் நிற்க, விசை மட்டும் சரியுமாயின், தம்பியின் வினாவுக்கு உயிர் உண்டு. ஆனால் அப்போதும் தடை வால்வுப் பக்கமா, புகைவழியா என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

அத்தாளின் படியொன்றை நமக்கும் அனுப்பிவைக்கட்டும். பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்பியபின் உட்கார்ந்து பார்ப்போம்.