பீரோ மேல் லேப்டாப்புக்குப் புது பிரவுசர்

திருக்காட்டுப்பள்ளி பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு லேப்டாப் இருக்கும். அக்கா ப்ளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளையே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாயிற்று. லேப்டாப் மட்டும் துணிப்பைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. தம்பி வேலைக்கு விண்ணப்பம் போட நினைக்கும்போதுதான் அதன் ஞாபகம் வருகிறது. செல்போனில் நீளமான படிவத்தை நிரப்பி, போட்டோவையும் கையெழுத்தையும் கேட்கிற அளவுக்குச் சுருக்கி ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நெட் சென்டர் என்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு.

“அக்கா, உன் லேப்டாப்பை எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கடா. ஆனா அதுல ஒண்ணும் ஓடாதே!”

அக்கா சொல்வது பாதிதான் சரி. லேப்டாப் ஓடும். ஓடாதது அதிலுள்ள பிரவுசர். இந்த வித்தியாசம் தெரியாமல் எடைக்குப் போட்ட லேப்டாப்புகள் எத்தனையோ!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆன் செய்தவுடன் எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸுக்கே போனார்கள். லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. இன்றைக்கு நிலைமை தலைகீழ். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கை விரித்துவிட்டது. 2023 தொடக்கத்தில் குரோமும் 109-ம் பதிப்போடு அதை விட்டுவிட்டது. யாரும் சீண்டாத லினக்ஸ்தான் இந்த லேப்டாப்புக்கு மிச்சமிருக்கும் வழி.

ஆனால் அங்கேயும் பிரவுசர் தானாகப் புதுசாகி நிற்காது. காரணம் என்னவென்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரியில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டியாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் போய்த்தானே வயலை அடைகிறது? நடுவில் ஒரு மதகு மூடியிருந்தால் கடைமடைக்காரர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். ஃபயர்பாக்ஸை வெளியிடுவது மொஸில்லா. லினக்ஸில் அது பெரும்பாலும் டெபியன் போன்ற குழுவின் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்துதான் உங்கள் லேப்டாப்புக்கு வரும். உங்களிடம் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய பதிப்பு என்றால் அந்தக் களஞ்சியத்தையே மூடியிருப்பார்கள். ‘அப்டேட்’ பட்டனை எத்தனை முறை தட்டினாலும் சொட்டுத் தண்ணீர் வராது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன விஷயம். திரையின் மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு இணையதளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அதற்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. லேப்டாப் 2010-ல் நின்றுகொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று எல்லாத் தளத்துக்கும் சொல்லும். தேதியைச் சரி செய்தாலே பாதிப் பேருக்குப் பிரச்னை தீர்ந்துவிடும். பேட்டரியும் பெரிய செலவில்லை.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? ஃபயர்பாக்ஸ் மெனுவில் ‘உதவி’ போய் ‘ஃபயர்பாக்ஸ் பற்றி’ என்பதைத் தட்டுங்கள். பதிப்பு எண்ணும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண் 128-க்குக் கீழே இருந்தால் (115-ல் நீண்டகாலப் பதிப்பு என்றால் 115.13-க்குக் கீழே) உள்ளே பொதிந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-ல் காலாவதியாகிவிட்டது. துணைநிரல்கள் திடீரென்று நின்றிருக்கும். ‘நேற்று வரை ஓடியதே’ என்ற புலம்பலுக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

64 பிட் என்றால் கவலை குறைவு. மொஸில்லாவின் தளத்திலிருந்தே லினக்ஸுக்கான ஃபயர்பாக்ஸை இறக்கி, சுருக்கிய கோப்பை உங்கள் ஹோம் ஃபோல்டரில் விரித்துவிட்டால் போதும். அது வாய்க்காலை நம்பாத போர்வெல் மாதிரி. பிறகு தானே புதுப்பித்துக்கொள்ளும். டெபியன், மின்ட் வகை லினக்ஸுகளுக்கென்று மொஸில்லா 2024-லிருந்து தன் சொந்தக் களஞ்சியத்தையும் திறந்திருக்கிறது. ஆனால் சிஸ்டம் ரொம்பப் பழசு என்றால் புது ஃபயர்பாக்ஸுக்கு வேண்டிய அடிப்படை நூலகங்களே உள்ளே இருக்காது, திறக்காது. அப்போது லினக்ஸையே மாற்றிப் போடுவதுதான் வழி.

32 பிட் என்று வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அந்தக் கணினிகளில் புதிதாக நிறுவ முடியாது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 145-லிருந்து மொஸில்லாவும் நிறுத்திக்கொண்டது. 140-ம் எண் நீண்டகாலப் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில் செயலி 64 பிட்டாக இருக்க, மேலே போட்ட சிஸ்டம் மட்டும் 32 பிட்டாக இருக்கும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பழுது பார்க்கிற கடையில் செயலியின் மாடலைக் காட்டிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

புது லினக்ஸ் போடும்போது அழகில் மயங்காதீர்கள். 2 ஜிபி ராமுக்கு எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்க்யூடி மாதிரி எளிய மேசைத்திரை போதும். உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ‘ஸ்னாப்’ வடிவில் வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்கவே ஒரு காபி குடித்துவிடலாம். ‘லைட் பிரவுசர்’ என்று யாரோ பகிர்ந்ததை இறக்குவது அதைவிட மோசம். திருத்தம் வராத பிரவுசர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், வங்கிக் கணக்கையும் ஆதார் ஓடிபியையும் அதில் தட்டக் கூடாது. ஃபயர்பாக்ஸோ குரோமியமோ, ஒழுங்காகத் திருத்தம் வருகிற ஒன்றில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேப் மட்டும் திறந்து வேலை பாருங்கள். படிவம் நிரப்ப அது போதும். ராமை 4 ஜிபி ஆக்கி ஒரு எஸ்எஸ்டி போட்டால் லேப்டாப்பே ஆள் மாறிவிடும்.

தமிழ் அடிப்பது போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஒரு காலத்தில் ஃபயர்பாக்ஸில் தமிழ் எழுத ‘தமிழ்விசை’ என்ற துணைநிரலைத் தேடிப் போட்டார்கள். இப்போது தமிழ்99 விசைப்பலகை லினக்ஸுக்குள்ளேயே ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது. எந்த பிரவுசருக்கு மாறினாலும் அது கூடவே இருக்கும்.

மாற்றுவதற்கு முன் பழைய பிரவுசரின் புக்மார்க்குகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வையுங்கள். பாஸ்வேர்டுகளையும் அப்படி எடுத்தால், அந்தக் கோப்பில் எல்லாம் வெட்ட வெளிச்சமாக எழுதியிருக்கும். புதியதில் ஏற்றியவுடன் அழித்துவிடுங்கள். புதியது சரியாக ஓடும் வரை பழையதை நீக்காதீர்கள். லினக்ஸையே மாற்றுவதாக இருந்தால் டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ப்ளஸ் டூ ஃபேர்வெல் போட்டோக்கள் அநேகமாக அங்கேதான் இருக்கும். அழிப்பதற்கு முன் அக்காவுக்கு ஒரு போன்.