வலையகம் எடுத்தலும் காத்தலும்

தமிழ் மன்றங்கள் விழா எடுக்கும்பொழுது அழைப்பிதழின் அடியில் இற்றைநாளில் ஒரு வலையக முகவரியும் அச்சேறுகின்றது. விழா முடிந்து மூன்றாண்டு கழித்து அம்முகவரியைத் தட்டிப் பார்ப்போர்க்குக் கிடைப்பது யாது? சிலவிடத்து வெற்றுத்திரை, சிலவிடத்து 'இப்பெயர் விற்பனைக்கு' என்னும் பலகை, இன்னுஞ் சிலவிடத்துத் திருக்குறட் கட்டுரை இருந்த பக்கத்தில் சூதாட்டக் கடை. எடுத்தவர் யார், விட்டவர் யார் என்று கேட்டால் விடை சொல்வாரிலர். 'அந்தத் தம்பி வெளிநாடு போய்விட்டார்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி.

தமிழர்தம் எழுத்தும் ஆய்வும் தமக்குரிய பெயரில், தமக்குரிய இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமின்று. பிறன் திண்ணையில் பாய் விரித்தவன் வீட்டுக்காரன் எழுப்பும்பொழுது எழுந்தாக வேண்டும். 1990களின் பிற்பகுதியில் சியோசிட்டீசு என்னும் அமெரிக்க நிறுவனம் விலையின்றி இடம் தந்தது. உலகெங்கணும் பல நூறாயிரவர் அங்குப் பக்கங்கள் அமைத்தனர். 1999இல் யாகூ அதனை விலைக்கு வாங்கியது. 2009 அத்தோபர் 26ஆம் நாள் இழுத்து மூடியது. இறுதி நேரத்தில் தன்னார்வலர் சிலர் ஓடியோடிப் படியெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. எஞ்சியவை போயின. இடம் கொடுத்தவன் செய்தது பிழையென்று வழக்காடவும் வழியில்லை. விலை கொடாதவனுக்கு உரிமை ஏது?

ஆகலின் தமக்கென வலையகம் வேண்டும் என்பார் கூற்று ஏற்புடையதே. ஆயின் வலையகம் எடுத்தலை ஏதோ கல்வெட்டுப் பொறித்தலைப் போலக் கருதிக்கொள்வதுதான் கேட்டுக்குக் கரணியம். கல்வெட்டைப் பொறித்தவன் மறைந்தாலும் கல் நிற்கும். வலையகமோ ஓலைச்சுவடியை ஒத்தது. செல்லரிக்கும், படியெடுத்துக்கொண்டே இருப்பார் இல்லையெனில் இரண்டு தலைமுறை தாங்காது. உண்மையில் சுவடியினும் இது நொய்யது. சுவடி ஆளின்றிப் பரணில் நூறாண்டு கிடக்கும். வலையகம் ஆளின்றி ஓராண்டு கிடப்பதே அரிது.

முதலாவது, பெயர். வலையகப் பெயரை 'வாங்கினோம்' என்று பலரும் கூறுவர். வாங்குவாரும் இலர், விற்பாரும் இலர்; அஃது ஆண்டுக் குத்தகை. ஏறத்தாழ ஆயிரம் உருபா கட்டி ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கத் தவறின், காம், ஆர்க் போலும் ஈறுடைய பெயர்களுக்குச் சில நாள் தவணை தருவர். பின்னர் முப்பது நாள் மிகுகட்டணத்துடன் மீட்கலாம். அதன்பின் ஐந்து நாள் கழித்து அது பொதுச்சந்தைக்கு வந்துவிடும். அதற்கெனக் கண்கொத்திப் பாம்பாய்க் காத்திருக்கும் வணிகர் உளர். உலகப் பெருநிறுவனமாகிய மைக்ரோசாப்டே 1999 திசம்பரில் தன் பெயர்களுள் ஒன்றைப் புதுப்பிக்க மறந்து, அதன் அஞ்சற்பணி தடைப்பட்டு, தொடர்பில்லாத நிரலாளர் ஒருவர் முப்பத்தைந்து தாலர் கட்டி மீட்டுக் கொடுத்த கதை உண்டு. ஆயிரக்கணக்கான ஊழியர் உள்ள இடத்திலேயே இந்நிலையென்றால், செயலாளர் ஒருவரின் நினைவாற்றலை நம்பியிருக்கும் மன்றத்தின் நிலை என்னாம்?

இதனினும் கொடியது, பெயர் யார்பெயரில் உள்ளது என்பது. வலையகம் அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலுமே பதிந்துவிடுவார். தீய எண்ணம் இல்லாமலும் இது நிகழும், எளிதென்று செய்வார். பின்னர் அவர்க்கும் மன்றத்திற்கும் மனவேறுபாடு வருங்கால், அல்லது அவர் மறைந்துபடுங்கால், பதினைந்தாண்டு உழைப்பின் திறவுகோல் யாரிடமும் இராது. மன்றத்தின் நிலத்தைத் தச்சன் பெயரில் பதிவு செய்வார் உண்டோ? வலையகத்தில் மட்டும் அதனைத்தான் செய்கின்றனர்.

பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது பலர் அறியாதது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்று ஈறுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் தமிழெழுத்திலேயே ஒப்புதல் பெற்றன. ஆயினும் பெயர் தமிழாயினும் உள்ளே ஓடும் பொறி அதனை உரோம எழுத்துகளாலான ஒரு மறைக்கோவையாக மாற்றியே அறியும். மின்னஞ்சல் முகவரியில் தமிழெழுத்தைக் கண்டதும் பல படிவங்கள் 'முகவரி பிழை' என்று தள்ளிவிடுகின்றன. பக்க முகவரியில் 'தமிழ்' என்னும் ஒரு சொல்லை இட்டு, அம்முகவரியைப் படியெடுத்து ஒட்டுங்கால், பெரும்பாலும் நாற்பத்தைந்து குறிகள் கொண்ட விழுக்காட்டுக் குறிப்புதிராய் வந்து விழும். ஐந்து குறியீடுகளும், ஒவ்வொன்றிற்கும் மூன்று எண்கூறுகளும், ஒவ்வோர் எண்கூற்றிற்கும் மூன்று குறிகளும் ஆக அக்கணக்கு. அது பிழையன்று, பிறன் எழுத்துக்கென வகுக்கப்பெற்ற சாலையில் தமிழ் செலுத்தும் சுங்கம். மேற்கண்ட மூன்று ஈறுகளும் அரசுகளின் பெயராலானவை என்பதும் கருதத்தக்கது. தமக்கெனத் தனிநாடில்லாத கத்தலானியர் தம் மொழிக்கும் பண்பாட்டிற்குமெனத் தனியீறு ஒன்றனை 2005இலேயே பெற்றுக்கொண்டனர். பாசுக்கியரும் வேல்சு மக்களும் பின்னர்ப் பெற்றனர். 2012ஆம் ஆண்டுச் சுற்றில் ஓர் ஈற்றுக்கு விண்ணப்பக் கட்டணமே 1,85,000 தாலர். மாநாட்டுப் பந்தலுக்குக் கோடிகளைக் கொட்டும் தமிழ்ச் செல்வர்க்கு அது பெருந்தொகையன்று.

இரண்டாவது, இடம். உலகின் முதல் வலையகத்தைச் செனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் திம் பெர்னர்சு லீ தம் மேசைக் கணினியிலேயே வைத்திருந்தார். இது வழங்கியாகும், யாரும் நிறுத்திவிடாதீர் என்னும் பொருள்படச் செம்மையால் எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டியிருந்தார். அச்சீட்டு இன்றும் வழங்கி வைத்திருப்பார் யாவர்க்கும் பொருந்தும். கையடக்கக் கணினி ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்து வலையகம் நடத்த முடியும். சிறிய தளத்திற்கு அதன் ஆற்றல் போதும். தடையாவன பிற. நாற்புறமும் மின்வெட்டு. மின்கலம் வைத்தாலும் தெருமுனையில் உள்ள இணையப் பெட்டிக்கு மின்கலம் வைப்பது யார் கையில்? அடுத்து எண்முகவரி. பழைய முறையிலான எண்முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. அவற்றின் நடுவணிருப்பு 2011 பிப்பிரவரியில் தீர்ந்துபோயிற்று. ஆகலின் இணையம் தரும் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே எண்ணின்பின் அடைத்து வைக்கின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் அவ்வீட்டுக் கதவைத் தட்ட இயலாது. நிலையான எண் வேண்டுவோர் மிகுகட்டணம் கட்ட வேண்டும். புதுமுறை எண்முகவரி பரவிவந்தாலும் அதனை எட்டவியலாத படிப்போர் இன்னும் உளர். எனவே பெரும்பாலோர் வழங்கியைக் குடிக்கூலிக்கு எடுப்பதே நடைமுறை. அதில் இழிவில்லை. பெயர் தம்மிடமும் படி தம்மிடமும் இருக்குமாயின் குடிக்கூலி வீட்டை எப்பொழுதும் மாற்றிக்கொள்ளலாம்.

அஞ்சலைத் தம் வழங்கியிலிருந்தே விடுக்க முனைவோர் பெரிதும் அல்லற்படுவர். புதிதாய் முளைத்த சிறு வழங்கியின் அஞ்சலைப் பெருநிறுவனங்கள் ஐயுற்றுக் குப்பைக் கூடையில் இடுகின்றன. பட்டறிவுடையார் துணையின்றி இதில் இறங்காமை நன்று.

மூன்றாவது, பூட்டு. ஒரு வழங்கியை இணையத்தில் இணைத்த சில மணிநேரத்திற்குள்ளேயே எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து கடவுச்சொல்லை உசாவத் தொடங்கிவிடும். 'எம்மிடம் களவாட என்ன இருக்கின்றது?' என்று தமிழ்ப்புலவர் வியப்பர். கள்வனுக்கு அவர்தம் கட்டுரை வேண்டா; அவர் வீட்டு மேற்கூரை வேண்டும், தன் கடைப்பலகையை மாட்டுதற்கு. உலகின் வலையகங்களுள் பத்தில் நான்கு வேர்டுபிரசு என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. நல்ல மென்பொருளே. ஆயின் அதனோடு அழகுக்கெனச் செருகும் நீட்சிகள் பத்து, இருபது என்று பெருகி, அவற்றுள் ஒன்று ஈராண்டாய்ப் புதுப்பிக்கப்பெறாது கிடந்தால், அவ்வோட்டை போதும். மேற்கூறிய சூதாட்டக் கடை அவ்வழியே புகுந்ததுதான். மறையாக்கச் சான்றிதழ் இன்னொரு தொல்லை. முன்னர் விலை கொடுத்துப் பெற்றது, 2016ஆம் ஆண்டு முதல் விலையின்றியே பரவலாய்க் கிடைக்கின்றது; ஆயின் விலையில்லாச் சான்றிதழின் வாழ்நாள் தொண்ணூறு நாளாக வைக்கப்பெற்றது. தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்தல் வேண்டும். அவ்வமைப்பு ஓசையின்றி நின்றுபோனால், தளத்திற்கு வருவோர்க்குச் செந்நிற எச்சரிக்கையே முகங்காட்டும். ஐந்நூறு பேர் அஞ்சித் திரும்பிய பின்னரே ஒருவர் தொலைப்பேசியில் சொல்வார்.

இவையெல்லாம் தொல்லை என்னும் அளவினவே. அழிவு என்பது வேறு. 2021 மார்ச்சு 10ஆம் நாள் பிரான்சு நாட்டு இசுட்ராசுபர்க்கில் ஓவிஎச் என்னும் பெருநிறுவனத்தின் ஐந்தடுக்கு வழங்கிக் கட்டடம் தீக்கிரையாயிற்று. முப்பது நூறாயிரத்திற்கும் மேற்பட்ட வலையகங்கள் ஒருங்கே இருண்டன. காப்புப்படிக்கெனத் தனிக்கட்டணம் செலுத்திய நிறுவனம் ஒன்று தன் படியும் அதே கட்டடத்திலேயே இருந்து எரிந்துபோனதை அறிந்து வழக்காடி, இரண்டாண்டு கழித்து இழப்பீடு பெற்றது. பணம் வந்தது, தரவு வரவில்லை.

ஓரிடத்தில் மட்டும் வைத்த செல்வத்திற்கு நேர்வது யாதென்பதைத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பெற்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறெங்கும் படியில்லாச் சுவடிகளும் சாம்பலாயின. அது தற்செயல் தீயன்று, இட்ட தீ என்பது உலகறிந்தது. அத்தீயின் வடுவைச் சுமந்த மண்ணினரே பின்னர் 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மப் படிகளாக்கி வருகின்றனர். ஒரே படி என்பது படியே இல்லாமைக்கு ஒப்பு என்னும் பாடத்தை அவர்களினும் ஆழக் கற்றார் யார்? மன்றங்கள் பலவற்றைக் கேட்டுப் பார்த்தாலோ, 'படி வழங்கியிலேயே இருக்கின்றது' என்கின்றன. எரியும் வீட்டுக்குள் இருக்கும் இரண்டாம் பெட்டி! ஒருபடி வழங்கியில், ஒருபடி வேறூரில், ஒருபடி மன்றத்துப் பேழையில் வன்தட்டாக இருத்தல் வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியினின்று தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்தலும் வேண்டும். திறந்தே பாராத படி கைகொடுக்கும் என்பதற்கு யாதொரு பிணையுமில்லை.

தமிழுக்கென்றே ஓர் இடர்ப்பாடு எழுத்துக் குறியீட்டில் உண்டு. 1990களில் ஒவ்வோர் இதழும் ஒவ்வோர் எழுத்துருவைக் கட்டியழுதது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாபு என்னும் குறியீடுகளை அறிவித்தது. ஆர்வலர் வட்டத்தில் திசுகி வழங்கியது. ஒருங்குறியைத் தரமாகத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. இடைப்பட்ட பத்தாண்டில் எழுதப்பெற்ற பக்கங்கள் பல இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாய்க் கிடக்கின்றன. இன்றும், தரவுத்தளத்தை ஒரு வழங்கியினின்று மற்றொன்றற்கு மாற்றுங்கால் குறியீட்டைச் சரியாகச் சுட்டாது விட்டால், தமிழ்ப் பக்கம் முழுதும் வெறுங் கேள்விக்குறிகளாய் மாறிவிடும். ஆங்கிலப் பக்கம் அதே தவற்றால் ஊறுபடுவதில்லை. ஆகலின் ஆங்கிலத் தளங்களை அமைத்துப் பழகிய பணியாளர் இதனை நோக்குவதே இல்லை. மாற்றிய அன்றே தமிழறிந்த ஒருவர் பக்கம் பக்கமாய்ப் பார்த்தாக வேண்டும்.

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இவ்வகையில் உற்றுநோக்கத் தக்கது. உலகெங்கும் பரந்த தன்னார்வலர் தட்டச்சு செய்த இலக்கியங்கள் ஒருகாலத்துத் திசுகியில் இருந்தன. பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டு வரப்பெற்றன. அதன் பக்கங்கள் எளிய, ஒப்பனையற்ற பக்கங்கள். எந்த வழங்கியிலும் வைக்கலாம். புகுந்து கெடுக்கக் கள்வனுக்கு வாயிலும் குறைவு. அசையும் படங்களும் மின்னும் பலகைகளும் கேட்டு வலையகத்தைத் திருமண மண்டபமாக்கும் மன்றங்கள், முந்நூறு கட்டுரைகளை எளிய பக்கங்களாக வைத்தால் வேலையிற் பெரும்பகுதி இல்லாமற் போவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் ஆகும் பணம் ஓர் ஆண்டுவிழாவின் மாலைச் செலவுக்குள் அடங்கும். குறைவாயிருப்பது ஆள். பெயர் எந்நாளில் காலாவதியாகும், பதிவு எவர் பெயரில், கடவுச்சொல் எவ்விருவரிடம், படி எங்கெங்கே என்னும் நான்கு வரிகளைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி, பொருளாளர் மாறும்பொழுதெல்லாம் கைமாற்றிக் கையொப்பம் பெறுதல் எந்த மன்றத்தாலும் இயலுவது. மன்றங்களின் பொறுப்பாளர் பட்டியலில் தலைவர், துணைத்தலைவர் மூவர், செயலாளர், இணைச்செயலாளர் நால்வர் என நிரல் நீள்கின்றது. வலையகப் பொறுப்பாளர் என்னும் பெயர் அருகியே காணப்படுகின்றது. காணப்படும் இடத்தும் ஒருவர் பெயரே உள்ளது.