கருந்திரையில் ஒரு கல்விப் பயணம்

‘கல்விக்கு எல்லை இல்லை’ என்று விழா மேடைதோறும் முழங்குகிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடு விட்டு நாடு சென்று படிக்க விரும்பும் ஒரு மாணவியின் முன்னே எத்தனை எல்லைக்கோடுகள்! விண்ணப்பத்திற்கு ஒரு கடைசி நாள், பாடத் தேர்வுக்கு ஒரு கடைசி நாள், பேராசிரியரின் கையெழுத்து, அலுவலகத்தின் முத்திரை, தங்கும் அறைக்கு முன்பணம் என்று வரிசை நீள்கிறது. அறிவும் ஆர்வமும் இருந்தும், ஒரு தாள் உரிய நாளில் உரிய மேசையைச் சென்று சேராத காரணத்தால் வாய்ப்பை நழுவவிடும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் உண்டு.

எனவே, பல்கலைக்கழக மாணவர் பரிமாற்றத்தில் சேர எண்ணும் பெண், அதற்கான திட்டத்தைத் தன் கையாலேயே தீட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் படமும் பொத்தானும் நிறைந்த அலங்காரக் கருவிகள் தேவையில்லை. கணிப்பொறியின் கருந்திரையில் கட்டளையைத் தட்டி இயக்கும் எளிய கருவியொன்று போதும். போதும் என்பதுடன், அதுவே சிறந்த பயிற்சியும் ஆகும் என்பேன். ஏன் என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

ஐரோப்பாவில் இத்தகைய பரிமாற்றத்துக்குப் பெயர் பெற்றது எராஸ்மஸ் திட்டம். பாரிஸ், கேம்பிரிட்ஜ், லூவேன், பாஸல் என்று ஊர் ஊராகச் சென்று கற்றும் கற்பித்தும் வாழ்ந்து, 1536-ல் மறைந்த ராட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் என்ற குருவானவரின் பெயரே அத்திட்டத்துக்குச் சூட்டப்பட்டது. 1987-ஆம் ஆண்டு 11 நாடுகளில் 3,244 மாணவர்களோடு தொடங்கிய அத்திட்டத்தால் இன்று வரை பயனடைந்தோர் ஒரு கோடிக்கும் மேல். இந்த ஆலமரத்தின் விதை எங்கே விழுந்தது தெரியுமா? ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தில்!

இத்தாலி நாட்டின் சோஃபியா கொர்ராதி ரோம் நகரில் சட்டம் பயின்றவர். 1957-ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து முதுகலைப் பட்டத்தோடு ஊர் திரும்பினார். அங்கே எழுதிய தேர்வுகளைத் தம் படிப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டார். இயலாது என்று மறுத்ததோடு, சுற்றியிருந்தோர் முன்னிலையில் அவரை ஏளனமும் செய்தார்கள். வேறொருவராயின் கண்ணீரோடு வீடு திரும்பி அதோடு விட்டிருப்பார். கொர்ராதியோ, பிற நாட்டில் கற்ற கல்வியைச் சொந்த நாடு மதிக்க வேண்டும் என்று 1969-ல் ஒரு திட்டம் எழுதினார். பதினெட்டு ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டிய பின்னரே எராஸ்மஸ் பிறந்தது. ‘எராஸ்மஸ் அன்னை’ என்று மாணவர்கள் அன்போடு அழைத்த அவர் 2025-ல் காலமானார்.

அவர் பட்ட துன்பத்தை நம் பிள்ளைகள் படாமலிருக்க ஏற்பட்டதே ‘படிப்பு ஒப்பந்தம்’. எந்தெந்தப் பாடங்களை அங்கே படிப்பேன், அவை இங்கே எந்தெந்தப் பாடங்களுக்கு ஈடாகும் என்று பயணத்துக்கு முன்பே எழுதி, மாணவி, அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். பாடங்களை அளக்க ஒரு பொதுவான படியும் வைத்திருக்கிறார்கள். ஓராண்டுப் படிப்புக்கு 60 புள்ளிகள். 60 புள்ளிகள் என்றால் 1,500 முதல் 1,800 மணி நேர உழைப்பு. ஒரு பருவத்துக்கு 30 புள்ளிகள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இத்தாலியின் பழம்பெரும் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒரு மாணவி, இலையுதிர்காலப் பருவத்துக்கு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் செல்ல விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்வீடனில் பல பாடங்கள் ஏழரைப் புள்ளி கொண்டவை. நான்கு பாடம் படித்தால் 30. இத்தாலியிலோ பாடங்கள் பெரும்பாலும் 6 புள்ளி, 9 புள்ளி, 12 புள்ளி என்றிருக்கும். இரண்டு ஆறும் இரண்டு ஒன்பதும் கூட்டினால் அதே 30 வருகிறது. கூட்டுத்தொகை பொருந்துகிறது, ஆனால் தனித்தனிப் பாடங்கள் பொருந்தவில்லை! இதற்கு என்ன வழி என்பதைச் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்தான் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்வீடனில் பருவம் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஜனவரி நடுவில் முடியும். இத்தாலியில் செப்டம்பரிலும் தேர்வுகள் நடக்கும். ‘மீதமுள்ள தேர்வைச் செப்டம்பரில் எழுதிக்கொள்ளலாம்’ என்று ஜூலையில் சோம்பியிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் இருக்க வேண்டியதுதான்!

ஆக, இப்பயணத்தில் ஒன்றைச் செய்தால்தான் அடுத்தது நடக்கும். பாடப்பட்டியலைப் பார்க்காமல் பேராசிரியரைக் காண முடியாது. அவர் சம்மதமின்றி ஒப்பந்தம் இல்லை. மூன்று கையெழுத்தின்றி ஒப்பந்தம் நிறைவு பெறாது. இந்தச் சங்கிலியைத்தான் திட்டம் என்கிறோம். இதைத் தாங்குவதற்கே கட்டளைக் கருவி வேண்டும் என்கிறேன்.

கட்டளை வரி என்பது என்ன? கணிப்பொறியைத் திறந்தால் ஒரு கருந்திரை. அதில் மின்னும் ஒரு சிறு கோடு. படம் இல்லை, விளம்பரம் இல்லை, கவனத்தைக் கலைக்க ஏதுமில்லை. வேண்டியதைத் தட்டச்சு செய்து விசையை அழுத்தினால் கணிப்பொறி பதில் சொல்லும். இத்தகைய கட்டளைகளுக்குப் புகழ்பெற்ற யூனிக்ஸ், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றியது. எந்த ஆண்டு தெரியுமா? கொர்ராதி தம் திட்டத்தை எழுதிய அதே 1969!

அந்தப் பரம்பரையில் 2008-ல் வெளிவந்த ஒரு கருவி டாஸ்க்வாரியர். விலை ஏதும் இல்லை. பழைய கணிப்பொறியிலும் ஓடும். ‘டாஸ்க் ஆட்’ என்று தட்டி ஒரு வேலையை எழுதினால் அதற்கு ஓர் எண் தரும். ‘டியூ’ என்று சேர்த்தால் கடைசி நாளைக் குறித்துக்கொள்ளும். ‘டிபெண்ட்ஸ்’ என்று சேர்த்து வேறொரு வேலையின் எண்ணைக் கொடுத்தால், ‘அது முடிந்த பிறகே இது’ என்று புரிந்துகொள்ளும். ‘வெயிட்’ என்று ஒரு நாளைச் சொன்னால், அந்த நாள் வரும்வரை அவ்வேலையைக் கண்ணில் காட்டாமல் மறைத்து வைக்கும். உப்சாலாவிலிருந்து மதிப்பெண் சான்றிதழ் கேட்டு வாங்குவது ஜனவரி வேலை. அதை மார்ச் மாதத்திலேயே எழுதிவிட்டு நிம்மதியாக மறந்துவிடலாம். ஜனவரியில் தானே வந்து நிற்கும். ஊர் திரும்பிய பின் பாடங்கள் கணக்கில் ஏற வேண்டுமானால் அந்தச் சான்றிதழே உயிர்நாடி அன்றோ?

இதில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால், அக்கருவி ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தருகிறது. கடைசி நாள் நெருங்க நெருங்க மதிப்பெண் ஏறும். அத்துடன், பிற வேலைகளைத் தடுத்து நிற்கும் வேலைக்கு 8 கூடும். வேறொன்றுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு 5 குறையும். இதன் பொருள் என்ன? பெட்டி வாங்குவது, கம்பளிச் சட்டை வாங்குவது போன்றவை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கீழே போகும். பேராசிரியருக்கு எழுத வேண்டிய நான்கு வரிக் கடிதம், அதை நம்பி ஐந்து வேலைகள் நிற்பதால், மேலே வந்து நிற்கும். நாம் தள்ளிப்போடும் வேலை பெரும்பாலும் மற்றவற்றைத் தடுக்கும் வேலையாகவே இருக்கிறது. கருந்திரை முகத்தாட்சண்யம் பார்க்காமல் அதைச் சொல்லிவிடுகிறது.

‘கைபேசியில் அழகான செயலிகள் இருக்க, இந்தக் காலத்தில் கறுப்புத் திரை எதற்கு?’ என்று தோழியர் கேட்பது எனக்குக் கேட்கிறது. அழகான செயலி நம்மிடம் பொத்தான்களைக் காட்டி ‘இதில் எது?’ என்று கேட்கிறது. நாம் தொட்டுவிட்டுப் போகிறோம். கருந்திரையோ எதையும் காட்டுவதில்லை. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று காத்திருக்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் நாம் முதலில் சிந்தித்திருக்க வேண்டும். என்ன வேலை, எந்த நாளுக்குள், எதற்குப் பிறகு என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவளுக்கே அது பணி செய்யும். தெளிவாகச் சொல்லப் பழகுவது கட்டுரை எழுதுவதற்கு மட்டுமா உதவும்? வாழ்க்கைக்கும் உதவும்.

‘நோட்டுப் புத்தகம் போதாதா?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். நோட்டுப் புத்தகம் நல்ல நண்பன். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தேதி மாறினால் நோட்டில் பத்து வரிகளை அடித்துத் திருத்த வேண்டும். கருவியில் ஒரு வரியை மாற்றினால் வரிசை தானாகவே ஒழுங்காகிவிடுகிறது.

எனினும் கருவியைக் கும்பிடச் சொல்லவில்லை. எழுதாத வேலையை அது அறியாது. தவறான தேதியைக் கொடுத்தால் தவறாகவே நினைவூட்டும். ஏழரைப் புள்ளிப் பாடம் ஒன்பது புள்ளிப் பாடத்துக்கு ஈடாகுமா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குப் பேராசிரியரின் அறைக்குத்தான் போக வேண்டும். அயலூரில் தனிமை வாட்டும்போது ஆறுதல் சொல்லவும் அதற்குத் தெரியாது. மேலும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் திட்டம் போட்டுக்கொண்டு போகிறவள், அந்த ஊரின் தெருக்களையும் மனிதர்களையும் காணாமலே திரும்பிவிடக் கூடும். சேரும் வரைக்கும் திட்டம். சேர்ந்த பிறகு கண்களும் காதுகளும் திறந்திருக்க வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து நான்கு அதிகாரங்கள் வைத்தார். அரசனுக்குச் சொன்னது என்று ஏன் ஒதுக்க வேண்டும்? எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது செயல்வகை. கையிருப்பும் மொழியறிவும் எவ்வளவு என்பது வலி. எந்த நாளுக்குள் என்பது காலம். எந்த நகரம், எந்தத் துறை என்பது இடம். இந்நான்கையும் எழுதி முடித்தவள் பாதித் தூரம் பயணம் செய்துவிட்டாள்.

இது ஐரோப்பியப் பிள்ளைகளின் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 2004-ல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தின் கீழ், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகளில் இந்திய மாணவியரும் உதவித்தொகையுடன் சேர்ந்து வருகிறார்கள். அந்த வாசலுக்கும் கடைசி நாளும் கையெழுத்தும் உண்டு.

பெற்றோரே, மகளைத் தொலைதூரம் அனுப்ப நீங்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தால் எல்லாவற்றையும் ஓர் ஏஜெண்டின் கையில் ஒப்படைத்துவிட்டுப் பணத்தைக் கட்டுவோரும் உண்டு. அவ்வாறு அனுப்பப்படும் பெண், தன் பயணத்தில் எது எங்கே நிற்கிறது என்று அறியாமலே விமானம் ஏறுகிறாள். அங்கே ஒரு சிக்கல் வந்தால் யாரைக் கேட்பாள்? அதற்குப் பதிலாக, ‘அப்பா, இதோ முப்பது வேலைகள். இருபது முடிந்தன. இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டும்’ என்று சொல்லத் தெரிந்த மகளை எண்ணிப் பாருங்கள். அவளை அனுப்பும்போது உங்கள் நெஞ்சம் சற்றே குறைவாக நடுங்கும்.

அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே, கணிப்பொறி அறையில் எங்களுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது இந்தக் கருந்திரையோடு பேசக் கற்றுக்கொடுங்கள். பள்ளிச் சுற்றுலாவையோ ஆண்டு விழாவையோ அதில் திட்டமிடச் சொல்லுங்கள். சிறியதில் பழகிய கை பெரியதில் தடுமாறாது.

மாணவியரே! கொர்ராதி அம்மையாருக்குத் தம் படிப்பை மதிக்கச் செய்யும் ஒப்பந்தமும் இல்லை, நினைவூட்டும் கருவியும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. அவர் திறந்து வைத்த கதவின் முன்னே, தாள் ஒன்று குறைந்தது என்று திரும்பி வருவது நமக்கு அழகா? அந்தத் தாள்களின் பட்டியலை இன்றே, உங்கள் கையாலேயே எழுதத் தொடங்குங்கள்!