வெள்ளைப்படுதலும் சுத்தம் என்கிற பொய்யும்

உடல் அரசியல் பற்றி எழுதாத சிறுபத்திரிகை இல்லை. உடலே களம், உடலே ஆயுதம் என்று கூட்டம் போட்டுப் பேசியாயிற்று. ஆனால் அந்த உடம்பில் அரிக்குது என்று ஒரு தோழி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருகிறார். யோனி என்ற சொல்லைக் கவிதையில் போட நமக்குக் கூச்சமில்லை. மெடிக்கல் ஷாப்பில் நின்று மருந்து கேட்கத்தான் நாக்கு எழமாட்டேன் என்கிறது.

நான் சொல்ல வந்தது ஈஸ்ட் தொற்று பற்றி. நம் ஊர்ப் பேச்சில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. எல்லாமே 'வெள்ளை படுது'தான். கிழவிகள் சூடு என்பார்கள். லேகியம் விற்கிறவன் வெட்டை என்பான். மாமியார் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற குற்றச்சாட்டு ஒன்றுதான்: நீ சுத்தமில்லாதவள். சாதி நம் மீது எறிந்த அதே சொல், நம் வீட்டுக்குள் பெண் மீது திரும்புகிறது. இது பொய் என்பதை நாம் உரக்கச் சொல்லியாக வேண்டும்.

கேண்டிடா என்பது ஈஸ்ட் வகைப் பூஞ்சை. கள்ளை நுரைக்க வைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அழுக்கிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற சரக்கு அல்ல அது. வாயில், குடலில், யோனியில், எந்த நோயும் இல்லாத ஏராளமானவர்களிடம் சும்மா குடியிருக்கிறது. அக்ரகாரத்து உடம்பிலும் இருக்கும், சேரி உடம்பிலும் இருக்கும். யோனியில் அதை அளவோடு வைத்திருக்க உதவுவது லாக்டோபேசில்லஸ் என்கிற பாக்டீரியா. தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ ஆன்ட்டிபயாடிக் மாத்திரை தின்றால் இந்தக் காவல் கூட்டமும் சேர்ந்து சாகிறது. கர்ப்ப காலத்தில், சர்க்கரை நோயில், எதிர்ப்புச் சக்தி குறையும்போது கேண்டிடா பெருகுகிறது. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. அத்தனை பேரும் அழுக்கா?

பழிக்குப் பயந்த பெண் என்ன செய்கிறாள்? சோப்பைப் போட்டு உள்ளே வரை தேய்க்கிறாள். டெட்டால் ஊற்றிக் கழுவுகிறாள். தோல் எரிகிறது, காவல் பாக்டீரியா அழிகிறது, அரிப்பு கூடுகிறது. கூடக் கூட இன்னும் கழுவுகிறாள். தீட்டு என்ற கருத்து ஒரு உடம்பைத் தனக்கே எதிரியாக்குவது இப்படித்தான். யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிற உறுப்பு. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். (தயிர் தடவலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தயிரைச் சோத்துல ஊத்திச் சாப்பிடுங்க.)

அடுத்த பழி இன்னும் கொடுமை. 'எவன்கிட்ட வாங்கிட்டு வந்த?' ஈஸ்ட் தொற்றைப் பால்வினை நோயாக மருத்துவம் கருதுவதில்லை. உடலுறவே இல்லாத பெண்ணுக்கும் வரும். இது தெரியாமல் அடி வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிற பெண்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள், கட்சிக்காரர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளைக்குச் சம்பளம் எடுக்க வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், கூட்டம் குறைகிற நேரம் பார்த்து கவுண்டருக்குள் ஒரு ட்யூபை நீட்டினார். 'பாப்பா, நீ படிச்ச புள்ள, இது என்னான்னு பாரு. எட்டு மாசமாப் போடுறேன், போட்டா அடங்குது, விட்டா வருது.' ஒரே களிம்பில் பூஞ்சை மருந்து, ஆன்ட்டிபயாடிக், அதோடு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், தோலைத் தேய்த்து மெலியவைக்கும், பூஞ்சைக்குப் பாதையும் விடும். 2018-லேயே மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அக்காவிடம் எந்தக் கடைக்காரரும் சீட்டு கேட்கவில்லை. பிறகு அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை. எட்டு மாசமாக உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். திரும்பத் திரும்ப வருகிற ஈஸ்ட் தொற்றுக்குப் பின்னால் சர்க்கரை ஒளிந்திருக்கலாம், சில சமயம் எச்.ஐ.வி.யும். பரிசோதனை கேட்பது நம் உரிமை.

சரியான மருந்துக்கு வருவோம். கேண்டிடாவை ஒழுங்காக அடக்கிய முதல் மருந்து நிஸ்டாடின். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் 1950-இல் அறிவித்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரில், இன்னொருவர் ஆல்பனியில். மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பி ஆராய்ந்தார்கள். மருந்து கிடைத்த இடம் வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணை மண். மாடு மிதித்த மண்ணுக்குள்ளிருந்து! காப்புரிமையில் வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேலான பணத்தை இருவரும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இன்று இன்னும் எளிது. க்ளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் மாத்திரை, ராத்திரி படுக்கும்போது யோனிக்குள் வைப்பது, ஒரே ஒரு முறை. அல்லது வாயால் விழுங்கும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே ஒரு முறை. விலை அதிகமில்லை. கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் விழுங்கக் கூடாது; அவர்களுக்கு 7 நாள் க்ளோட்ரிமசோல். வருஷத்துக்கு மூணு நாலு தடவை வந்தால் மாதக்கணக்கில் வைத்தியம் தேவைப்படும். அது டாக்டர் வேலை.

ஆனால் வெள்ளைப்படுவதெல்லாம் ஈஸ்ட் அல்ல. மாத நடுவில் நாற்றமோ அரிப்போ இல்லாமல் படுவது இயல்பு, அதற்கு மருந்தே வேண்டாம். திரிந்த பால் மாதிரி கெட்டியாக, நாற்றமில்லாமல், அரிப்போடு வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். மீன் கவிச்சி அடித்தால் அது பாக்டீரியா சமாச்சாரம். மஞ்சள் பச்சையாக நுரைத்தால் ட்ரைக்கோமோனாஸ். அது உடலுறவில் பரவுவது, புருஷனும் மருந்து சாப்பிட்டாக வேண்டும். அடிவயிற்று வலி, காய்ச்சல், ரத்தம் என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். முதல் முறை வருகிறவர் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுதிகளில் நம் பெண்கள் உள்ளாடையைப் பாவாடைக்கு அடியில் ஒளித்து, இருட்டு மூலையில் காயப்போடுகிறார்கள். அரைகுறை ஈரத்தோடு மறுநாள் உடுத்துகிறார்கள். ஈரமும் புழுக்கமும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெயில் படுகிற இடத்தில் ஒரு கொடி கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆம்பளைங்க கண்ணுல படுதுன்னு வார்டன் சத்தம் போட்டால், ஒருத்தியைத் தனியாக அனுப்பாமல் பத்துப் பேராகப் போங்கள்.