நல்லவர்கள் கையில் துப்பாக்கி

கெட்டவன் கையில் இருக்கும் துப்பாக்கியை அடக்க நல்லவன் கையில் ஒரு துப்பாக்கி வேண்டும். அமெரிக்காவில் பெருந்திரளான மக்கள் வேதவாக்காக நம்புவது இதைத்தான். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்து நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, தேசிய ரைஃபிள் சங்கத்தை நடத்திவந்த வேய்ன் லாபியர் பத்திரிகையாளர்களைக் கூட்டி உதிர்த்த முத்து அது. பள்ளிக்குப் பள்ளி ஆயுதக் காவல் போடுங்கள் என்பது அவர் சொன்ன பரிகாரம்.

அதன் பிறகு அந்த நம்பிக்கை வளர்ந்தது, சட்டமாகவும் ஆனது. இன்று அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கலாம். இத்தனையும் பாதுகாப்பின் பெயரால் நடக்கிறது. ஆனால் அந்த வாக்கு பொய். நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பொய் என்று தெரிந்துவிடும்.

நியூடவுனிலிருந்தே தொடங்கலாம். அந்த 20 வயது கொலைகாரனிடம் இருந்தவை கள்ளச்சந்தைத் துப்பாக்கிகள் அல்ல. அவனுடைய தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவை. பள்ளிக்குக் கிளம்புமுன் அவன் முதலில் சுட்டுக் கொன்றது அந்தத் தாயைத்தான். லாபியரின் கணக்குப்படி அந்த அம்மாள் நல்லவர். நல்லவர் வாங்கிய துப்பாக்கி முதல் பலியாக நல்லவரையே எடுத்தது. இந்த உண்மை கண்முன் கிடக்கும்போதே, இன்னும் பல நல்லவர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள் என்று சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்!

அடுத்து, 2022 மே 24, டெக்சஸின் யுவால்டி. ராப் தொடக்கப் பள்ளிக்குள் 18 வயதுக்காரன் ஒருவன் ஏஆர்-15 ரகத் துப்பாக்கியோடு நுழைந்தான். அங்கே வந்து குவிந்த காவலர்கள் 376 பேர் என்கிறது டெக்சஸ் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு. பயிற்சி பெற்றவர்கள், கவச உடை அணிந்தவர்கள், எல்லோரிடமும் ஆயுதம். உள்ளேயிருந்து குழந்தைகள் 911 என்ற அவசர எண்ணை அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் உள்ளே போய் அவனைச் சுட்டு வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். 376 நல்லவர்கள் போதவில்லை என்றால், எத்தனை பேர் இருந்தால் போதும்? 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோதும், அந்தப் பள்ளிக்கென்றே நியமித்த ஆயுதம் தாங்கிய அதிகாரி கட்டடத்துக்கு வெளியேதான் நின்றார். அவர்களைக் கோழைகள் என்று திட்டலாம். ஆனால் கண நேரத்தில் உடலைச் சிதைக்கும் துப்பாக்கிக்கு முன் பயிற்சி பெற்றவனே உறைந்துபோகிறான் என்றால், கணக்கு வாத்தியாரிடம் கைத்துப்பாக்கியைக் கொடுத்து வீரனாக நில் என்பது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பிடம் ஓர் உதாரணம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில், 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் கொலைகாரனைச் சில நொடிகளில் வீழ்த்தினார். பல உயிர்கள் தப்பின. மெச்ச வேண்டிய செயல். ஆனால் அபூர்வமானதை வைத்து நாட்டுக்குச் சட்டம் எழுத முடியாது. 2000 முதல் 2013 வரை நடந்த இத்தகைய 160 துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. காவல்துறை சாராத ஆயுதபாணிகள் திருப்பிச் சுட்டதோடு முடிந்தவை 5. ஆயுதம் இல்லாத சாதாரண மக்கள் பாய்ந்து மடக்கியதால் முடிந்தவை 21. வெறுங்கை நான்கு மடங்கு வென்றிருக்கிறது.

அது எப்படி என்பதற்கு அரிசோனாவின் டூசான் சாட்சி. 2011 ஜனவரி 8 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸைச் சுட்டவன் 6 பேரைக் கொன்றான். அவனுடைய துப்பாக்கியில் 33 தோட்டா பிடிக்கும் மேகசின் மாட்டியிருந்தது. அது தீர்ந்து வேறொன்றை மாட்டப் போன நேரத்தில்தான் மக்கள் அவனை அமுக்கினார்கள். 61 வயதுப் பெண்மணி ஒருவர் அவன் மாட்டப் போன மேகசினைப் பிடுங்கினார். பக்கத்துக் கடையிலிருந்து துப்பாக்கியோடு ஓடிவந்த ‘நல்லவர்’ என்ன செய்தார் தெரியுமா? கொலைகாரனிடமிருந்து பறித்த துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவரையே கொலைகாரன் என்று நினைத்துவிட்டார். நல்லவேளை, சுடவில்லை. 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில் அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. கொலைகாரனை வீழ்த்திய குடிமகன் ஒருவரை, அவர்தான் கொலைகாரன் என்று எண்ணிப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நல்லவன் என்று யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

இந்த நம்பிக்கையின் அடிப்படைப் பிழையும் அதுதான். நல்லவன், கெட்டவன் என்று மனிதர்களைப் பிறவியிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறது. ஆனால் நேற்று வரை நல்லவனாக இருந்தவன் இன்று குடித்திருக்கிறான், வேலை போய் நிற்கிறான், மனைவியோடு சண்டை, மனம் உடைந்து கிடக்கிறான். துப்பாக்கி மட்டும் மாறாமல் அதே மேசை இழுப்பறையில் இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல், 26,000-க்கும் அதிகமானோர், தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். இங்கே எந்த நல்லவனைக் கொண்டு எந்தக் கெட்டவனைத் தடுப்பது? கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கைத்துப்பாக்கி உள்ள ஆண்கள் தங்களையே சுட்டு மாய்த்துக்கொள்ளும் விகிதம், இல்லாதவர்களைவிடச் சுமார் 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. மனம் உடைந்த ஓர் இரவைத் தாண்டிவிட்டால் பிழைத்து வாழ்பவர்கள் ஏராளம். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த இரவைத் தாண்டுவது கடினம். திருடனுக்காக வாங்கியது வீட்டுக்காரனுக்கே எமனாகிறது.

‘கெட்டவன் சட்டத்தை மதிப்பதில்லை, கட்டுப்பாடு வந்தால் நல்லவன்தான் நிராயுதபாணியாவான்’ என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யுவால்டிக்காரன் 18 வயது முடிந்ததும் சட்டப்படி துப்பாக்கி வாங்கினான். பார்க்லண்டுக்காரனும் டூசான்காரனும் அப்படியே வாங்கினார்கள். 2017-இல் லாஸ் வேகாஸ் விடுதியின் 32-ஆவது மாடியிலிருந்து இசை விழாக் கூட்டத்தின் மீது சுட்டவனும் கடையில்தான் வாங்கினான். தெருரவுடியிடம் உள்ள கள்ளத் துப்பாக்கியும் பெரும்பாலும் ஏதோ ஒரு கடையில் ரசீதோடு விற்றதுதான். பினாமி பேரில் வாங்கப்பட்டோ, நல்லவர் ஒருவரின் காரிலிருந்து திருடப்பட்டோ அவனிடம் வந்து சேர்ந்திருக்கும். வாசலிலேயே வடிகட்டினால் கெட்டவன் கைக்குப் போவதும் குறையும்.

நம் நாட்டிலும் இந்தச் சரக்கை விற்றுப் பார்த்தார்கள். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி தெரிந்தவன் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். வீட்டுக்குள் புழங்கும் சித்தப்பனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் எதிராக எந்தப் பெண் கைப்பையைத் திறந்து குறிபார்ப்பாள்?

செய்ய வேண்டியவை ஒன்றும் மர்மமல்ல. வாங்குபவர் யாரென்று விசாரித்த பிறகே விற்பது, காசு கொடுத்ததும் கையில் தராமல் சில நாள் காக்க வைப்பது, வீட்டில் பூட்டி வைக்கக் கட்டாயப்படுத்துவது, மிரட்டல் விடுப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவால் பறிப்பது, மேகசினுக்கு 10 தோட்டா என்று வரம்பு கட்டுவது. கடைசியாகச் சொன்ன வரம்பு அமெரிக்காவில் 1994 முதல் நாடு முழுவதும் இருந்தது. 2004-இல் காலாவதியானபோது நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. டூசானில் 33-க்குப் பதில் 10 இருந்திருந்தால் அந்தக் கைகள் முன்னமே பாய்ந்திருக்கும்.

யுவால்டி நடந்த மூன்றாம் நாள், அதே டெக்சஸின் ஹூஸ்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் மாநாடு கூடியது. அப்போது முன்னாள் அதிபராக இருந்த டிரம்ப் பேசிய அரங்குக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று தடை. அது எங்கள் விதியல்ல, அதிபர்களைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் போட்டது என்பார்கள். அதையேதான் நானும் சொல்கிறேன். உயிர்காப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், அமெரிக்காவின் ‘நல்லவர்கள்’ நிறைந்த கூட்டத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. ஒரு முன்னாள் அதிபருக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு அந்தச் சங்கம் பதில் சொல்லட்டும்.