எத்தனை வீடு கட்டினாங்க என்பது பாதிக் கேள்விதான்

போன மாசம் எங்க என்.எஸ்.எஸ் டீம்ல பதினோரு பேர் ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குப் போனோம். எந்த முகாம்னு எழுத வேண்டாம்னு அங்கே இருந்தவங்க கேட்டுக்கிட்டாங்க, அதனால எழுதல. அரசு கட்டிக் கொடுத்த புது வீடுகள் எப்படி இருக்குன்னு சர்வே எடுக்கணும். ஃபார்மை நாங்களே தயார் பண்ணினோம். மொத்தம் 24 கேள்வி. கூரை ஒழுகுதா, குழாயில தண்ணி வருதா, கழிப்பறை வீட்டுக்குள்ளயா வெளியிலயா, ஸ்விட்ச் போர்டு எத்தனை. எல்லாத்துக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ன்னு கட்டம். சிவில் டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன் சுவர் விரிசலை அளக்க ஸ்கேல் கூட எடுத்துட்டு வந்திருந்தான்.

மூணாவது வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். 24 கேள்விக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க. நான் பேனாவை மூடும்போது, “தம்பி, நான் ஒண்டு கேக்கட்டா? இது எங்கட வீடா, கவர்மெண்ட் வீடா?”ன்னாங்க.

எனக்குத் தெரியல. ஃபார்ம்ல அதுக்குக் கட்டமும் இல்ல. “விசாரிச்சுச் சொல்றேம்மா”ன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னும் போய்ச் சொல்லல. இந்தக் கட்டுரை எழுத ஒரு காரணம் அந்தக் கூச்சம்தான். (நான் எல்.கே.ஜி-யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் தலையில போட்டுடுங்க.)

நீங்க ஈ.சி.ஆர்ல மரக்காணம் பக்கம் போயிருப்பீங்க. காலாப்பட்டு தாண்டி, கனகசெட்டிகுளத்தோட நம்ம எல்லை முடிஞ்சு, அப்புறம் கீழ்ப்புத்துப்பட்டு. அய்யனார் கோயில் எல்லாருக்கும் தெரியும். குலதெய்வம் கும்பிட வேன்ல வர்ற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. அதே ஊர்ல இலங்கையிலிருந்து வந்தவங்க முகாமும் இருக்கு. நாலு வருஷமா அந்த ரோட்டுல பைக்ல போயிட்டு வந்த நான், ஒரு நாள் கூட வண்டியை நிறுத்தினதில்ல. நம்ம டவுன்ல வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வர்றவங்கள்ல எத்தனை பேர் முகாம்ல இருந்து வர்றாங்கன்னு யாராவது கேட்டிருக்கோமா? நான் கேட்டதில்ல.

முதல்ல நியாயமா சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் பல கட்டமா தமிழ்நாட்டுக்கு வந்தவங்க 3 லட்சத்துக்கும் மேல. நிறைய பேர் திரும்பிப் போயிட்டாங்க. 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு சட்டமன்றத்துல சொன்ன கணக்குப்படி 108 முகாம்கள்ல 58,822 பேர் இருந்தாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சுட்டு வெளியில வாழ்றவங்க இன்னும் 34,087 பேர். அப்போ அறிவிச்ச திட்டத்தோட மதிப்பு 317.40 கோடி. பழுதடைஞ்ச 7,469 வீடுகளுக்குப் பதிலா புது வீடு, மாச உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம்னு அது ஒரு பெரிய பட்டியல். ‘அகதிகள் முகாம்’ங்கிற பேரே ‘மறுவாழ்வு முகாம்’னு மாறிச்சு. 2023 செப்டம்பர்ல வேலூர் மேல்மொணவூர்ல நடந்த விழாவுல, பல மாவட்டங்கள்ல கட்டி முடிச்ச 1,591 வீடுகளைத் திறந்தாங்க. செலவு 79.70 கோடி. வகுத்துப் பாருங்க, வீட்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம். இன்னிக்கு சிமென்ட் விலைக்கு இது ஒண்ணும் ஆடம்பரம் இல்ல.

இது எவ்வளவு பெரிய மாற்றம்னு புரிய பழைய வீட்டை அளக்கணும். பழைய முகாம் வீடுன்னா பொதுவா பத்துக்குப் பத்து அடி. அதாவது 100 சதுர அடி, சுமார் 9.3 சதுர மீட்டர். அஞ்சு பேர் இருந்தா ஆளுக்கு 1.86 சதுர மீட்டர். பேரிடர் நிவாரணத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துற ‘ஸ்பியர்’ கையேடுன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆளுக்குக் குறைஞ்சது 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம் வேணும்னு இருக்கு. அது வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் அப்புறம் கொட்டகை போடறவங்களுக்கான அளவு. அதுல பாதிதான் இவங்களுக்குக் கிடைச்சது, அதுவும் முப்பது வருஷம். கட்டில் போட்டா கதவு திறக்காத வீட்டுல ஒரு பொண்ணு பிறந்து, வளர்ந்து, பிளஸ் டூ எழுதி, கல்யாணமும் ஆகிப் போயிருக்கா.

அதனால புது வீட்டைக் குறை சொல்றவன் நான் இல்ல. நாம அதை எப்படி மதிப்பிடறோம்ங்கறதுதான் என் பிரச்சினை. வீட்டை எண்ணினோம், விரிசலை அளந்தோம், எக்செல்ல போட்டோம், பை சார்ட் வந்துச்சு. 92 சதவீதம் பேர் திருப்தின்னு ரிப்போர்ட். வாசல்ல நாலு பேர் ஐ.டி கார்டு மாட்டிட்டு நின்னு “வீடு நல்லா இருக்கா?”ன்னு கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? க்யூ பிராஞ்ச் போலீசும் அதிகாரிகளும் முப்பது வருஷமா கேள்வி கேட்டுப் பழகின சனங்க அவங்க. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பாதுகாப்புன்னு நம்மளை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

இதுக்கு நல்ல பாடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. இன்ஜினியரிங் படிக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்கணும், நம்ம சிலபஸ்ல வராது.

2009 மே மாசம் போர் முடிஞ்சதும் வடக்கு, கிழக்கு மாகாணங்கள்ல வீடில்லாம நின்னவங்க லட்சக்கணக்கு. இந்தியா 2010-ல 50,000 வீடு கட்டித் தர்றோம்னு சொல்லிச்சு. முதல்ல 1,000 வீட்டை நேரடியா கட்டிக் கொடுத்தாங்க. 2012 அக்டோபர்ல தொடங்கின அடுத்த கட்டத்துல முறையை மாத்தினாங்க. வடக்கு, கிழக்குல வீட்டுக்காரங்களே கட்டிக்கணும். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுது பார்க்க 2,50,000. பணம் நேரா அவங்க பேங்க் அக்கவுண்டுக்கு வரும், ஆனா தவணை தவணையாத்தான். அடித்தளம் முடிச்சா ஒரு தவணை, சுவர் எழும்பினா அடுத்தது. ஐ.நா.வோட குடியிருப்பு அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் மாதிரி சில நிறுவனங்கள் கூட நின்னு வழிகாட்டினாங்க. வீடு குறைஞ்சது 550 சதுர அடி. வாசல் எந்தத் திசை, சாமி அறை எங்கே, அடுப்படி எப்படின்னு வீட்டுக்காரங்க முடிவு பண்ணலாம். உள்ளூர் கொத்தனாருக்கு வேலை, உள்ளூர் மணலுக்குக் கிராக்கி.

சில வருஷம் கழிச்சு இலங்கை அரசு 65,000 வீடுங்கற இன்னொரு திட்டம் கொண்டு வந்துச்சு. இந்தத் தடவை இரும்பு வீடு. ஃபேக்டரியில செஞ்சு கொண்டு வந்து பூட்டறது. கம்பெனி ஆர்சலர் மிட்டல். ஒரு வீட்டுக்கு சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். கூடவே சோலார், டிவி, வைஃபைன்னு பட்டியல். யாழ்ப்பாணத்துல மாதிரி வீடும் கட்டிக் காட்டினாங்க. உண்மையைச் சொல்றேன், பேப்பர்ல பார்த்தா எனக்கே பிடிச்சிருக்கும். வேகம், தரக் கட்டுப்பாடு, எல்லா வீடும் ஒரே மாதிரி. செகண்ட் இயர்ல நான் போட்ட மினி ப்ராஜெக்ட் கிட்டத்தட்ட இதுதான், ‘பேரிடர் கால ரெடிமேட் குடியிருப்பு’. செமையா மார்க் வாங்கினேன்.

அங்கே இருந்த பொறியாளர்களும் பொருளாதாரம் படிச்சவங்களும் சும்மா இருக்கல. வன்னி வெயிலுக்கு இரும்பு வீடு எப்படி இருக்கும்? உப்புக் காத்துக்கு எத்தனை வருஷம் தாங்கும்? விறகு அடுப்பு வைக்கிற வீட்டுல புகை எங்கே போகும்? பிள்ளைக்குக் கல்யாணம் ஆனா பக்கத்துல ஒரு அறை இழுத்துக் கட்ட முடியுமா? ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடறது? கல் வீட்டுக்கு இதுல பாதிதானே ஆகும்? இந்தக் கேள்விகளை அறிக்கையா எழுதினாங்க, தமிழ்க் கட்சிக்காரங்க பேசினாங்க, கடைசியில அந்த 65,000 இரும்பு வீட்டுத் திட்டம் நடக்கவே இல்ல. எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தா 65,000-ங்கறது 50,000-ஐ விடப் பெரிய நம்பர்தானே?

சரி, அப்போ வீட்டுக்காரங்களே கட்டின திட்டத்துக்கு நூத்துக்கு நூறான்னா, அதுவும் இல்ல. கொடுத்த தொகை பல பேருக்குப் பத்தல. சிமென்ட், மரம், கூலி எல்லாம் ஏறிச்சு. அந்தத் தொகையில முடிக்க முடியாம நகையை அடகு வெச்சவங்க, மைக்ரோ ஃபைனான்ஸ்ல கடன் வாங்கினவங்க இருக்காங்க. புருஷன் இல்லாத குடும்பத்துல ஒரு பொம்பளை தனியா கொத்தனாரைப் பிடிச்சு, கல் இறக்கி, அடுத்த தவணை வர்றதுக்குள்ள சுவர் எழுப்பணும். ‘பயனாளியே முடிவெடுக்கிறார்’னு ரிப்போர்ட்ல ஒரு வரியில அழகா இருக்கும். முடிவோட சுமையும் அவங்க தலையிலதான். இருந்தாலும் ரெண்டுல எதுன்னு கேட்டா, நான் கல் வீட்டுப் பக்கம்தான். தப்பு பண்ணினாலும் அவங்க வீடு, அவங்க பண்ணின தப்பு.

இப்போ நம்ம முகாமுக்கு வாங்க. என் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான், பேர் வேண்டாம். முகாம்ல இருந்து வர்றான்னு எனக்கே தேர்டு இயர்லதான் தெரியும். மாசத்துல சில நாள் லீவ் போடுவான், கேட்டா “வீட்டுல வேலை”ம்பான். தணிக்கை நாள்ல முகாம்ல ஆள் இருக்கணும், இல்லேன்னா உதவித்தொகைப் பதிவுல சிக்கல். அதுக்குத்தான் லீவு. அட்டெண்டன்ஸ் குறைஞ்சதுக்கு ஃபைன் கட்டினான், காரணம் சொல்லல. போன செமஸ்டர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. ரெண்டு ரவுண்டு தாண்டிட்டான், கோடிங்ல என்னை விட நல்ல மார்க். மூணாவது ரவுண்டுல பாஸ்போர்ட் நம்பர் கேட்டாங்க. அதோட முடிஞ்சது.

அவன் இங்கேதான் பிறந்தான். அவங்க அம்மா கைக்குழந்தையா இருக்கும்போது தலைமன்னார்ல இருந்து படகுல வந்தாங்க. இங்கே பிறந்தா குடிமகன் ஆகிட முடியாதான்னு நானும் நினைச்சேன். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி பிறந்திருந்தா முடியும். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை 2022-ல உத்தரவு போட்டது அதனாலதான். அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்குச் சட்டம் இறுகிக்கிட்டே வந்துச்சு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு, இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்துச்சு: 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல, பாஸ்போர்ட் விசா இல்லாததுக்காக தண்டனை கிடையாது. நல்லதுதான். ஆனா ஜெயில்ல போட மாட்டோம்ங்கறது ஒண்ணு, நீ இந்த ஊர்க்காரன்ங்கறது வேற.

புதுச்சேரிக்காரங்களுக்கு இதை விளக்கவே தேவையில்ல. எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன். 1962 ஆகஸ்ட் 16-க்கு அப்புறம் ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க இல்ல, பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா எழுதிக் கொடுங்கன்னு? அவர் எழுதிக் கொடுத்தார், எங்க தாத்தா கொடுக்கல. ஒரே வீடு, ஒரே அம்மா. இன்னிக்கு அந்தப் பக்கத்துப் பேரப்பிள்ளைங்க பாரீஸ்ல வேலை பார்க்கிறாங்க, லீவுக்கு வந்து பீச்ல செல்ஃபி எடுக்கிறாங்க. எங்க தெருவுல ரெண்டு சொல்தா வீடு இருக்கு. பிரான்சுக்காகப் போர் செஞ்சதுக்கு அங்கிருந்து பென்ஷன் வருது, பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடறாங்க. நான் பொறாமைப்பட்டுச் சொல்லல (கொஞ்சம் பட்டிருக்கேன்). ஒரு காகிதம் மூணு தலைமுறையை எப்படித் தூக்கி விடும்னு இந்த ஊரு மாதிரி வேற எந்த ஊருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊர்ல இருந்து முகாமுக்குப் போய் ஸ்விட்ச் போர்டை எண்ணிட்டு வந்தோம்.

என் டீம்ல ஒருத்தி சண்டை போட்டா. “குடியுரிமை டெல்லி வேலை. வீடு கட்டினது மாநில அரசு. கட்டினவங்களோட ரிப்போர்ட்ல கட்டாததை ஏன் எழுதணும்?” நியாயமான கேள்வி. மாநில அரசு கொடுக்க முடியாததுக்கு மார்க் குறைக்கச் சொல்லல. ஆனா ஒரு டேம் கட்டினதை ஆய்வு பண்ணப் போறோம், கான்கிரீட் பக்காவா இருக்கு, வாய்க்கால் மட்டும் இல்ல. வாய்க்கால் வேற டிபார்ட்மென்ட்டோட வேலைன்னு ரிப்போர்ட்ல எழுதாம வருவோமா? ‘மறுவாழ்வு’ன்னு திட்டத்துக்குப் பேர் வெச்சாச்சு. வீடு வந்துடுச்சு, வாழ்வு எவ்வளவு தூரம் வந்துச்சுன்னு பார்க்க வேண்டாமா?

அதனால ஃபார்மை மாத்தியிருக்கோம். 24 கேள்வி 9 ஆயிடுச்சு. விரிசல் இருக்கு, தண்ணி இருக்கு, அதை விடல. வீடு கட்டும்போது உங்களை யாராவது என்ன கேட்டாங்க, எதை மாத்தச் சொன்னீங்க, மாத்தினாங்களான்னு புதுசா சேர்த்திருக்கோம். படிப்பு முடிச்ச பிள்ளைங்க என்ன வேலையில இருக்காங்கன்னு ஒண்ணு. முதல் பக்கம் முழுக்கக் காலியா விட்டிருக்கோம், அவங்க நம்மளைக் கேட்கிறதை எழுத. என் கிளாஸ்மேட்டும் டீம்ல சேர்ந்துட்டான். பழைய ஃபார்மைக் காட்டினேன், பதினஞ்சு நிமிஷம் சிரிச்சான்.

வர்ற ரெண்டாவது சனிக்கிழமை காலையில ஏழரைக்கு காலேஜ் கேட்ல இருந்து கிளம்பறோம். இன்னும் ஆறு பேர் வேணும், எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்ல. ஐ.டி கார்டைக் கழட்டி பையில வெச்சுக்கோங்க. போட்டோ எடுக்காதீங்க, ஆதார் கேட்காதீங்க. டீ கொடுத்தா குடிங்க. அந்த அம்மா வீட்டுக்கு நான் முதல்ல போகணும், அவங்க கேட்டதுக்கு தாலுகா ஆபீஸ்ல விசாரிச்சுட்டு.