25-ஆம் தேதிக்கு மேல் லோன் மெசேஜைத் திறக்காதீங்க

சம்பளம் நல்லாத்தான் வருது, ஆனா மாசக் கடைசியில மட்டும் தப்புத் தப்பா முடிவெடுக்கிறீங்களா? ஒழுக்கம் இல்லைன்னு உங்களையே திட்டிக்காதீங்க.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல 464 கரும்பு விவசாயிகள்கிட்ட நடந்த ஒரு ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அறுவடைக்கு முன்னாடி, கையில காசில்லாதப்போ ஒரு தடவை, பணம் வந்த பிறகு ஒரு தடவை, அதே ஆட்களுக்கு யோசனைத் திறனையும் கவனத்தையும் சோதிச்சாங்க. பணம் வந்த பிறகு தெளிவாவே நல்லா செஞ்சாங்க. பணக் கவலையே மூளையில இடத்தைப் பிடிச்சுக்குதுங்கிறதுதான் ஆய்வாளர்கள் சொல்ற காரணம். (அவங்க கஷ்டத்தையும் நம்ம கஷ்டத்தையும் ஒப்பிடல. மூளை ஒண்ணுதான்.)

ஒரே நேரத்துல மனசுல நிறுத்தி வைக்க முடிஞ்சது சுமார் நாலு விஷயம். 5-ஆம் தேதி பைக் இஎம்ஐ, 12 ஒரு கார்டு, 18 இன்னொரு கார்டு, 20 சீட்டு. இடம் ஃபுல். அப்போ பார்த்து 'ப்ரீ-அப்ரூவ்டு லோன்' வரும். வட்டியை யார் பார்க்கிறது? மினிமம் ட்யூ போதும்னு தோணும், மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%.

இன்னொரு பட்ஜெட் ஆப் வேண்டாம், அதுவும் சுமைதான். தேதிகளைக் குறைங்க. கார்டு பில்லிங் சைக்கிளை மாத்தச் சொல்லிக் கேட்க ரிசர்வ் வங்கி விதியிலேயே இடம் இருக்கு. சம்பளம் வந்த மூணு நாளுக்குள்ள எல்லாம் ஆட்டோ டெபிட்ல போயிடட்டும். கார்டுக்கு மினிமம் இல்ல, முழுத் தொகை. லோன் மெசேஜை 2-ஆம் தேதி திறங்க. அன்னைக்கும் வேணும்னு தோணினா வாங்குங்க, நான் தடுக்கல.